மொரியாசுவின் இரண்டாம் பாதி

அந்தப் புகைப்படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சூட் அணிந்த ஒருவர் புல்தரையில் தனியாக நின்று, ரசிகர்கள் அமர்ந்திருக்கும் பக்கம் பார்த்து, இடுப்பு வரை மடிந்து வணங்குகிறார். 2022 டிசம்பர் 5, கத்தாரின் அல் ஜனூப் அரங்கம். உலகக் கோப்பையில் குரோஷியாவிடம் பெனால்டி ஷூட்அவுட்டில் தோற்று ஜப்பான் வெளியேறிய இரவு அது. வணங்கியவர் ஜப்பான் அணியின் பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசு. சில மணி நேரத்தில் அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. நம் நாட்டுத் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அதைப் பகிர்ந்து பாராட்டி எழுதினார். அங்கிருந்து அது குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு வந்துவிட்டது. கால்பந்தில் ஆஃப்சைடு என்றால் என்ன என்று கேட்கிறவர்கள்கூட எனக்கு அதை அனுப்பினார்கள்.

எனக்கு வந்த படங்களில் பாதிக்கு மேல் "தோல்விக்காக ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்கும் பயிற்சியாளர்" என்ற வரி இருந்தது. அது தவறு. அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். வென்ற ஆட்டங்களுக்குப் பிறகும் அவர் அப்படித்தான் வணங்குவார். ஜப்பானில் விளையாட்டு முடிந்ததும் வந்தவர்களுக்கு வணக்கம் செலுத்துவது பள்ளிப் பிள்ளைகளிலிருந்து எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஆனால் நான் இதை எழுதுவது அந்தத் தலைப்பு வரியைத் திருத்துவதற்காக அல்ல. அந்த ஒரு படத்தால் உலகம் மொரியாசுவைப் பணிவான, சாதுவான, தோல்வியைக் கண்ணியமாக ஏற்கும் மனிதராக நினைவில் வைத்துக்கொண்டது. எனக்கு அதில் பெரிய மனக்குறை உண்டு. அந்தப் படத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் அவர் செய்தது, உலகக் கோப்பை வரலாற்றிலேயே துணிச்சலான பயிற்சியாளர் வேலைகளில் ஒன்று. அதைப் பேசாமல் வணக்கத்தை மட்டும் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அவர் யார் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

1968இல் ஷிசுவோக்கா மாகாணத்தில் பிறந்து நாகசாகியில் வளர்ந்தவர் மொரியாசு. பள்ளிக்காலத்தில் நாடறிந்த வீரர் இல்லை. 1987இல் ஹிரோஷிமாவில் மஸ்டா கார் நிறுவனத்தின் அணியில் சேர்ந்தார். அப்போது ஜப்பானில் தொழில்முறை லீக்கே கிடையாது. நிறுவனங்கள் நடத்தும் அணிகள்தான் இருந்தன. அந்த மஸ்டா அணியே பின்னாளில் சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா ஆனது. மஸ்டாவில் பயிற்சியாளராக இருந்த டச்சுக்காரர் ஹான்ஸ் ஊஃப்ட் 1992இல் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றபோது, மொரியாசுவை அழைத்துக்கொண்டார். அந்தப் பெயரைப் பார்த்த பத்திரிகையாளர்களுக்கு இவர் யார் என்றே தெரியவில்லை. எழுத்துகளைத் தவறாகப் பிரித்துப் படித்து வேறு பெயரால் அழைத்தார்கள். அதிலிருந்து பிறந்த "போயிச்சி" என்ற செல்லப்பெயர் இன்றும் இணையத்தில் அவரைத் தொடர்கிறது. அன்பு வரும் நாளில் போயிச்சி, கோபம் வரும் நாளில் மொரியாசு.

அவர் ஆடிய இடம் தடுப்பாட்ட வரிசைக்குச் சற்று முன்னால், நடுக்களத்தில். எதிரணியின் பந்தைப் பறித்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு வந்து நிற்கும் வேலை. ஜப்பானில் அந்த இடத்தின் மதிப்பை ரசிகர்கள் புரிந்துகொள்ளத் தொடங்கியதே இவரைப் பார்த்துத்தான். தேசிய அணிக்காக 35 ஆட்டங்கள் ஆடி ஒரே ஒரு கோல் அடித்திருக்கிறார். ஹைலைட்ஸ் தொகுப்பு போட்டால் ஒரு நிமிடம்கூடத் தேறாது.

அந்த 35 ஆட்டங்களில் ஒன்றை ஜப்பானில் ஒரு தலைமுறையே மறக்கவில்லை. 1993 அக்டோபர் 28, தோகா. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். ஈராக்கை வென்றால் ஜப்பான் முதல் முறையாக உலகக் கோப்பையில் ஆடும். ஜப்பானின் தொழில்முறை லீக்கான ஜே லீக் தொடங்கி ஐந்தாறு மாதங்களே ஆகியிருந்தன. நாடே கால்பந்து மயக்கத்தில் இருந்தது. கஸுயோஷி மியுரா ஒரு கோல் போட்டார். ஈராக் சமன் செய்தது. மசாஷி நகயாமா மறுபடி முன்னிலை தந்தார். 2-1. நிர்ணயிக்கப்பட்ட 90 நிமிடங்கள் முடிந்துவிட்டன. ஈராக்குக்கு ஒரு கார்னர். அதை நேரடியாக உள்ளே அடிக்காமல் குறுக்கே சின்னதாகக் கொடுத்தார்கள். அங்கிருந்து வந்த கிராஸை ஜாஃபர் ஒம்ரான் தலையால் முட்ட, பந்து கோல்கீப்பரைத் தாண்டி வலைக்குள் விழுந்தது. 2-2. ஜப்பான் வீரர்கள் நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தார்கள். சவூதி அரேபியாவும் தென் கொரியாவும் அமெரிக்கா போயின. அந்த ஆட்டத்தை ஒளிபரப்பிய டிவி டோக்கியோவுக்கு 48.1 சதவீதப் பார்வையாளர்கள். "தோகாவின் துயரம்" என்று அதற்கு ஜப்பானியர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். சரிந்து விழுந்தவர்களில் மொரியாசுவும் ஒருவர். வீரராக அவர் கடைசி வரை உலகக் கோப்பையில் ஆடவே இல்லை.

இந்தக் கதையை எல்லா ஊடகங்களும் 2022இல் சொல்லிவிட்டன. ஆனால் இடையில் நடந்ததை, அதாவது அவர் பயிற்சியாளராக எப்படி உருவானார் என்பதை, பெரும்பாலும் யாரும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

2012இல் சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமாவின் பயிற்சியாளரானார். அவருக்கு முன்பிருந்த மிஹைலோ பெட்ரோவிச் அழகான தாக்குதல் ஆட்டத்தைக் கட்டியெழுப்பிவிட்டு உராவா ரெட்ஸ் அணிக்குப் போயிருந்தார். ஹிரோஷிமா பணக்கார கிளப் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் அதன் நல்ல வீரர்கள் யாராவது பெரிய கிளப்புக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் அந்த உராவாவுக்கே. புதிதாக வரும் எந்தப் பயிற்சியாளருக்கும் தன் முத்திரையைப் பதிக்க ஆசை வரும். மொரியாசு பெட்ரோவிச்சின் அமைப்பை மாற்றவில்லை. மூன்று தடுப்பாட்டக்காரர்கள் கொண்ட அதே வடிவத்தை வைத்துக்கொண்டு, அதன் ஓட்டைகளை அடைத்தார். முதல் ஆண்டிலேயே ஜே லீக் சாம்பியன். 2013இல் கடைசி நாளில் யோக்கோஹாமா எஃப் மரினோஸை முந்தி மறுபடி சாம்பியன். 2015இல் மூன்றாவது முறை. நான்கு ஆண்டுகளில் மூன்று பட்டங்கள், சின்ன பட்ஜெட்டில். 2015 இறுதிப் போட்டியில் மாற்று வீரராக வந்து முக்கியமான கோலை அடித்த இளைஞன் பெயர் டகுமா அசானோ. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018 உலகக் கோப்பையில் அகிரா நிஷினோவுக்கு உதவியாளராக ரஷ்யா போனார். பெல்ஜியத்துக்கு எதிராக 2-0 என்று முன்னிலை பெற்று, கடைசி நொடியில் 3-2 என்று தோற்ற ஆட்டத்தை பெஞ்சிலிருந்து பார்த்தார். அது முடிந்த சில வாரங்களில் தேசிய அணி அவர் கைக்கு வந்தது.

இணையம் அவரை விரும்பவில்லை. இதை மறைக்க ஒன்றுமில்லை. 2019 ஆசியக் கோப்பை இறுதியில் கத்தாரிடம் தோல்வி. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அதே ஆண்டு செப்டம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சொந்த மண்ணில் ஓமனிடம் 0-1, அக்டோபர் 7 அன்று ஜெட்டாவில் சவூதியிடம் 0-1. அவரை நீக்கக் கோரும் ஹாஷ்டேக் ஜப்பான் ட்விட்டரில் ட்ரெண்ட் ஆனது. பேட்டிகளில் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாசகம் உண்டு. நல்ல தடுப்பாட்டத்திலிருந்து நல்ல தாக்குதல் என்பது அதன் பொருள். அதை வைத்தே கேலி செய்தார்கள். இவரிடம் திட்டமே இல்லை, வீரர்கள்தான் பேசி முடிவெடுக்கிறார்கள், இவர் பக்கத்தில் நின்று குறிப்பேட்டில் எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்றார்கள். ஐந்து நாள் கழித்து சைத்தாமாவில் ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம். தேசிய கீதம் ஒலிக்கும்போது அவர் கண்கள் கலங்கியிருந்ததை கேமரா காட்டியது. அன்றைக்குத் தோற்றிருந்தால் வேலை போயிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 2-1 என்று ஜப்பான் வென்றது. அடுத்த மார்ச்சில் சிட்னியில், கடைசி நிமிடங்களுக்காக இறக்கிவிடப்பட்ட கவோரு மிட்டோமா இரண்டு கோல் அடித்து அணியைக் கத்தாருக்குக் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகும் கோபம் அடங்கவில்லை. உலகக் கோப்பை அணியை அறிவித்தபோது முன்கள வீரர் யூயா ஒசாக்கோ இல்லை. ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்பில் கோல் மழை பொழிந்துகொண்டிருந்த கியோகோ ஃபுருஹாஷி இல்லை. ஆனால் அசானோ இருந்தார். முழங்கால் காயத்தால் செப்டம்பரிலிருந்து ஜெர்மனியில் தன் கிளப்புக்கே ஆடாமல் இருந்த அசானோ. ஸ்காட்லாந்திலிருந்து ஒசாகா வரை திட்டு விழுந்தது. பழைய பாசத்தில் எடுத்துவிட்டார் என்றார்கள்.

ஜெர்மனிக்கு எதிரான ஆட்டம் நவம்பர் 23 அன்று, நமக்கு மாலை ஆறரை மணிக்கு. முதல் பாதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஜப்பான் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. குண்டோகன் பெனால்டியில் ஒரு கோல். ஸ்கோர் 1-0 தான் என்றாலும் ஆட்டத்தைப் பார்த்தால் 3-0 போலத் தோன்றியது. இடைவேளையில் மொரியாசு குபோவை வெளியே எடுத்துவிட்டு டொமியாசுவை இறக்கினார். அதாவது தாக்குதல் ஆட்டக்காரருக்குப் பதில் ஒரு தடுப்பாட்டக்காரர். பின்னால் இருந்த நால்வர் வரிசையை மூவர் வரிசையாக்கினார். தோற்றுக்கொண்டிருக்கும் அணி தடுப்பாட்டக்காரரை இறக்குகிறதே என்று தோன்றும். ஆனால் மூவர் வரிசை பின்னால் உறுதியாக நின்றதும், ஜெர்மனியின் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரையும் நேருக்கு நேர் பிடிக்க ஜப்பானுக்கு ஆள் கிடைத்துவிட்டது. அதன் பிறகுதான் அவருடைய உண்மையான சூதாட்டம். 57ஆவது நிமிடத்தில் மிட்டோமாவும் அசானோவும். 71இல் ரிட்சு டோஆன். அடுத்த சில நிமிடங்களில் வலது பக்கத் தடுப்பாட்டக்காரர் சகாயை எடுத்துவிட்டு மினாமினோ. இரண்டு பக்கவாட்டுகளிலும் இப்போது இயல்பில் தாக்குதல் ஆட்டக்காரர்களே நின்றார்கள். உலகக் கோப்பையில், ஜெர்மனிக்கு எதிராக, ஒரு கோல் பின்தங்கிய நிலையில் ஒரு பயிற்சியாளர் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

75ஆவது நிமிடத்தில் மினாமினோ அடித்த பந்தை ஜெர்மனி கோல்கீப்பர் நொயர் தட்டிவிட, டோஆன் உள்ளே தள்ளினார். 83இல் இட்டகுரா தன் பாதியிலிருந்து நீளமாக அடித்த ஃப்ரீகிக் அசானோவின் காலில் பஞ்சுபோல இறங்கியது. கோணமே இல்லாத இடத்திலிருந்து, நொயரின் தலைக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அடித்தார். 2-1. கோல் போட்டவர்கள் இருவரும் மாற்று வீரர்கள். முதல் கோலுக்குக் காரணமான ஷாட்டை அடித்தவரும் மாற்று வீரர்.

அன்று இரவு ஜப்பானிய ட்விட்டரில் மொரியாசுவிடம் மன்னிப்புக் கேட்கும் பதிவுகள் ட்ரெண்ட் ஆயின. மாதக்கணக்கில் திட்டியவர்களே வரிசையில் நின்று மன்னிப்புக் கேட்டார்கள். உலகின் மற்ற பகுதிகளில் அவருடைய குறிப்பேடு நாயகனாகிவிட்டது. யார் பெயரை எழுதினாலும் அவர் மாண்டுபோகும் குறிப்பேடு ஒன்று வரும் புகழ்பெற்ற மங்கா கதை உண்டல்லவா, அதையும் இதையும் சேர்த்து மீம்கள் குவிந்தன. என் அக்கா மகன் ஒன்றை அனுப்பி, "மாமா, இந்தாளு நோட்டுல ஜெர்மனின்னு எழுதிட்டாரு பாருங்க" என்றான். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதே குறிப்பேட்டைத்தான் ஓராண்டுக்கு முன் ஜப்பான் ரசிகர்கள் வெறுத்தார்கள் என்று அவனுக்கு நான் நீளமாக ஒரு பதில் எழுதினேன். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதோடு சரி.

நான்கே நாட்கள். நவம்பர் 27 அன்று கோஸ்டா ரிக்காவிடம் 0-1. ஸ்பெயினிடம் 0-7 என்று தோற்று வந்த அணி அது. மொரியாசு ஐந்து வீரர்களை மாற்றி இறக்கியிருந்தார், களைப்பைக் கணக்கிட்டு. மன்னிப்புக் கேட்டவர்கள் தங்கள் மன்னிப்பைத் திரும்பப் பெற்றார்கள். தவறான பாஸ் கொடுத்த வீரர்களின் கணக்குகளுக்கே போய் வசைபாடினார்கள்.

இந்த ஊஞ்சலாட்டம் ஜப்பானுக்கு மட்டும் உரியதல்ல. நம்மூர் கிரிக்கெட் ரசிகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் அந்த நவம்பரில் அது ஜப்பானில் பெரிதானதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அபேமா என்ற இணைய ஒளிபரப்புச் சேவை 64 ஆட்டங்களையும் இலவசமாகக் காட்டியது. அதில் வர்ணனையாளராக வந்தவர் கெய்சுகே ஹோண்டா. மூன்று உலகக் கோப்பைகளில் கோல் அடித்த ஹோண்டா, ஏசி மிலானில் 10ஆம் எண் அணிந்த ஹோண்டா. அவரும் வீரராக இருந்து பயிற்சியாளரானவர்தான். 2018இலிருந்து கம்போடியா தேசிய அணியை நடத்திக்கொண்டிருந்தார், அதுவும் வேறு நாடுகளில் வீரராக ஆடிக்கொண்டே. வர்ணனையில் அவர் மனதில் தோன்றியதை அப்படியே சொன்னார். ஜெர்மனி ஆட்டத்தில் கூடுதல் நேரம் ஏழு நிமிடம் என்று பலகை காட்டியபோது "ஏழு நிமிடமா!" என்று அவர் கத்தியது நாடு முழுவதும் பரவியது. தன்னைவிட இளைய வீரர்களைக்கூட மரியாதை விகுதி சேர்த்தே அழைத்தார். அடுத்து யாரை இறக்க வேண்டும், எங்கே ஆபத்து வருகிறது என்று நொடிக்கு நொடி சொன்னார். மக்கள் கைபேசியில் ஹோண்டாவைக் கேட்டுக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்தார்கள். ஹோண்டாவின் புகழுக்கு நான் எதிரி இல்லை. கால்பந்தை அவ்வளவு தெளிவாக, அவ்வளவு ஆசையோடு சொல்லித்தர எல்லோராலும் முடியாது. ஆனால் 2018 உலகக் கோப்பையில் ஒரே அணியில் இருந்த, ஒருவர் உதவிப் பயிற்சியாளராகவும் மற்றவர் வீரராகவும் இருந்த, இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இணையத்தின் அன்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். ஹோண்டா தன் எண்ணத்தை அப்போதைக்கு அப்போதே பகிர்கிறார், கேட்பவர் உடனே நேசிக்கிறார். மொரியாசு எழுதிவைத்துக்கொள்கிறார். அவர் என்ன நினைத்தார் என்பது ஆட்டத்தின் இரண்டாம் பாதியில்தான் தெரிகிறது. அதுவரை காத்திருக்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

டிசம்பர் 1, ஸ்பெயின். நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. 11ஆவது நிமிடத்தில் மொராட்டா தலையால் கோல். பந்து முழுக்க ஸ்பெயின் கால்களில். இடைவேளையில் நாகட்டோமோவுக்குப் பதில் மிட்டோமா, குபோவுக்குப் பதில் டோஆன். முதல் பாதி முழுக்கப் பின்வாங்கி நின்ற அணி, இரண்டாம் பாதியின் முதல் விசிலிலிருந்தே ஸ்பெயின் கோல்கீப்பர் வரை ஓடிப்போய்த் துரத்தியது. 48இல் டோஆன் இடது காலால் இடி. 51இல் மிட்டோமா கோட்டைத் தாண்டப்போன பந்தைத் திருப்பி அனுப்ப, தனாக்கா உள்ளே தள்ளினார். அந்தப் பந்து கோட்டின் மேல் 1.88 மில்லிமீட்டர் மட்டும் இருந்ததை வீடியோ நடுவர் உறுதி செய்தார். மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படமும் உலகம் சுற்றியது. ஜப்பானிடம் பந்து இருந்தது 17.7 சதவீத நேரம் மட்டுமே. இவ்வளவு குறைவாகப் பந்தை வைத்திருந்து உலகக் கோப்பை ஆட்டத்தை வென்ற அணி, பதிவுகளில் அதற்கு முன் இல்லை.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு செய்தியாளர்களிடம் மொரியாசு சொன்ன ஒன்று என் மனதை விட்டு நீங்கவில்லை. முடிய ஒரு நிமிடம் இருந்தபோது தனக்கு 1993இன் தோகா நினைவு வந்தது என்றார். ஆனால் களத்தில் இருந்த வீரர்கள் பின்வாங்காமல் பந்தைப் பறிக்க முன்னால் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்ததும், காலம் மாறிவிட்டது என்று உணர்ந்ததாகச் சொன்னார். கவனித்துப் பாருங்கள், தன் பயிற்சியால் அது வந்தது என்று அவர் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைகள் வேறு மாதிரி என்றார்.

நான் சொல்லவந்தது இந்த இடத்தில்தான் இருக்கிறது. குனிந்து வணங்கும் மனிதரும், இடைவேளையில் தன் திட்டத்தையே தலைகீழாக்கும் பயிற்சியாளரும் இரண்டு பேர் இல்லை. இடைவேளையில் திட்டத்தை மாற்றுவது என்றால், முதல் பாதியில் நான் வகுத்தது போதவில்லை என்று உலகத்தின் முன் ஒப்புக்கொள்வது. தன் பெருமையில் பிடிப்பு உள்ள பயிற்சியாளர்களுக்கு அது மிகக் கடினம். 60, 65 நிமிடம் வரை பொறுத்துப் பார்ப்பார்கள். பிறகு ஒரே ஒருவரை மாற்றுவார்கள். மொரியாசுவுக்குத் தன் திட்டத்தின் மேல் அந்தப் பற்று இல்லை. ஹிரோஷிமாவில் முன்னவரின் அமைப்பைக் கலைக்காமல் ஏற்றுக்கொண்டதும் அதே மனதுதான். அவருடைய பணிவு தோல்விக்குப் பிறகு வரும் அலங்காரம் இல்லை. ஆட்டத்தை வெல்ல அவர் பயன்படுத்தும் கருவியே அதுதான்.

குரோஷியா ஆட்டத்தில் அதே மனம் அவரைக் கைவிடவும் செய்தது. மயேதா கோல் போட்டு முன்னிலை, பெரிஷிச் சமன் செய்தார், 120 நிமிடமும் 1-1. பெனால்டிக்கு யார் போவது என்று அவர் முடிவெடுக்கவில்லை. விருப்பமுள்ளவர்கள் கை தூக்கட்டும் என்று விட்டுவிட்டார். சில நொடிகள் யாரும் தூக்கவில்லை என்று மினாமினோவே பிறகு சொல்லியிருக்கிறார். கடைசியில் அவரே முதலாவதாகப் போனார். குரோஷியா கோல்கீப்பர் லிவகோவிச் அதைத் தடுத்தார். மிட்டோமாவுடையதையும், கேப்டன் யோஷிதாவுடையதையும் தடுத்தார். வீரர்கள் மேல் வைத்த நம்பிக்கை, அந்த நொடியில் அவர்கள் தோளில் சுமையாக இறங்கிவிட்டது. இது அவர் செய்த பிழை என்றே நான் நினைக்கிறேன். அவரை நேசிப்பதால் அதைச் சொல்லாமல் விட முடியாது. அதற்குப் பிறகுதான் அந்த வணக்கம், அந்தப் புகைப்படம்.

டிசம்பர் கடைசியில் 2026 வரை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. ஒரு உலகக் கோப்பைக்குப் பிறகும் அதே பயிற்சியாளர் தொடர்வது ஜப்பானில் அதுவே முதல் முறை. 2023 செப்டம்பரில் வோல்ஃப்ஸ்பர்க்கில் ஜெர்மனியை அவர்கள் மண்ணிலேயே 4-1 என்று அடித்தார்கள். மறுநாள் ஹான்ஸி ஃப்ளிக் நீக்கப்பட்டார். ஜெர்மனி தேசிய அணியின் பயிற்சியாளர் ஒருவர் நீக்கப்பட்டது வரலாற்றில் அதுவே முதல் தடவை. அன்றைக்கு ஜப்பான் இணையத்தில் மொரியாசு கடவுள்.

நான்கு மாதம் கழித்து ஆசியக் கோப்பை, மறுபடியும் கத்தார், மறுபடியும் ஈராக். 1-2 தோல்வி. இளம் கோல்கீப்பர் சியோன் சுசூகியின் தவறுகளுக்காக அவரை இனவெறிச் சொற்களால் இணையத்தில் தாக்கினார்கள். கானா வம்சாவளித் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர் சுசூகி. அவரே அதைப் பொதுவெளியில் சொல்ல வேண்டிவந்தது. மொரியாசு அவரை மாற்றவில்லை. அந்தத் தொடரின் ஐந்து ஆட்டங்களிலும் சுசூகியே கோலில் நின்றார். கால்பந்துக் கணக்கில் அது சரியான முடிவா என்று வாதிடலாம். 21 வயதுப் பையனை அந்த நேரத்தில் பெஞ்சில் உட்காரவைத்திருந்தால் வசைபாடியவர்களுக்கு அது என்ன செய்தியாகப் போயிருக்கும் என்று நினைத்தால், எனக்கு அந்த வாதத்தில் ஆர்வம் போய்விடுகிறது.

காலிறுதியில் ஈரான். முதல் பாதியில் முன்னிலை. இரண்டாம் பாதியில் ஈரான் நீளமான பந்துகளை வரிசையாக இட்டகுரா நின்ற பக்கம் போட்டது. அவர் தடுமாறுவது வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரிந்தது. மொரியாசு அவரை மாற்றவில்லை. கடைசி நிமிடங்களில் பெனால்டி, ஜஹான்பக்ஷ், 1-2. பெஞ்சிலிருந்து இன்னும் தெளிவான வழிகாட்டல் வேண்டும் என்று நடுக்கள வீரர் மொரிதா வெளிப்படையாகச் சொன்னார். கத்தாரில் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் இடைவேளையில் வென்றவர், அதே கத்தாரில் இடைவேளைக்குப் பிறகு உறைந்துபோனார். ஹாஷ்டேக் திரும்பி வந்தது. அந்த முறை அதில் நியாயமும் இருந்தது.

அதன் பிறகு அவர் செய்ததை உலகம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. வணங்கும் படமும் இல்லை, மீமும் இல்லை. ஜெர்மனிக்கு எதிராக நெருக்கடியில் கண்டெடுத்த அந்த வடிவத்தை, அதாவது பின்னால் மூவர், இரண்டு பக்கவாட்டிலும் மிட்டோமா, டோஆன் போன்ற தாக்குதல் ஆட்டக்காரர்கள் என்பதை, முதல் நிமிடத்திலிருந்தே ஆடும் வழக்கமாக்கினார். 2024 செப்டம்பரில் சீனாவை 7-0. அக்டோபரில் ஜெட்டாவில் சவூதியை 2-0. மூன்றாண்டுக்கு முன் அவர் வேலை ஊசலாடிய அதே ஜெட்டா. 2025 மார்ச் 20 அன்று பஹ்ரைனை வென்று, போட்டியை நடத்தும் மூன்று நாடுகள் நீங்கலாக, 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற முதல் அணி ஜப்பான்.

2025 அக்டோபர் 14, டோக்கியோவில் பிரேசில். நட்பு ஆட்டம்தான். ஆனால் ஜப்பான் அதுவரை பிரேசிலை வென்றதே இல்லை. அன்செலோட்டி பயிற்சியளிக்கும் பிரேசில் அணி இடைவேளைக்குள் 2-0. அந்த நேரத்தில் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். எதிர்பார்த்த வசைகள் எதிர்பார்த்தபடியே வந்துகொண்டிருந்தன. இரண்டாம் பாதியில் ஜப்பான் மேலே ஏறிப்போய் நெருக்கத் தொடங்கியது. பிரேசில் தடுப்பாட்டக்காரர் ஃபப்ரீசியோ புரூனோ பந்தை நேராக மினாமினோவின் காலில் கொடுத்துவிட்டார். 2-1. மாற்று வீரராக வந்த ஜுன்யா இதோ வலது பக்கத்திலிருந்து போட்ட பந்தில் நகமுரா, பிறகு இதோவின் கார்னரில் உயேதா தலையால். 3-2. கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் மூன்று கோல்கள். மிட்டோமா அன்று ஆடவே இல்லை.

அடுத்த மாதம் பொலிவியாவுக்கு எதிரான ஆட்டம், தேசிய அணிப் பயிற்சியாளராக அவருடைய 100ஆவது ஆட்டம். ஜப்பானில் வேறு எந்தப் பயிற்சியாளரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 3-0 வெற்றி. மொரியாசு இப்போது உலகக் கோப்பையை வெல்வதுதான் இலக்கு என்று வெளிப்படையாகவே சொல்லிவருகிறார். நடக்குமா என்று என்னைக் கேட்டால், கடினம் என்பேன். முன்னிலை பெற்ற ஆட்டத்தை எப்படி முடிப்பது என்ற கேள்விக்கு ஈரான் ஆட்டத்துக்குப் பிறகும் அவர் முழு விடை காட்டவில்லை. பின்தங்கிய ஆட்டத்தைப் பொறுத்தவரை, அவரைவிட நான் நம்பும் பயிற்சியாளர் இப்போது யாரும் இல்லை. அந்தப் படத்தை உங்களுக்கு யாராவது மறுபடி அனுப்பினால், ஸ்பெயின் ஆட்டத்தின் 46ஆவது நிமிடத்திலிருந்து 51ஆவது நிமிடம் வரையான காட்சியைத் தேடி எடுத்து அவருக்குப் பதிலாக அனுப்புங்கள்.